மயில்கண் விழுந்த ஒலிவ மரம்

பஸ்ரியன் ஒரு நாளும் மரம் வளர்த்த ஆளில்லை. தொண்ணூத்தாறாம் ஆண்டு மார்கழியில, வெக்ஸ்போர்ட்டில பக்கத்து வீட்டு இத்தாலிக்காரன் வீற்றோ ஒலிவ மரத்தைத் தொட்டியோட தூக்கிக்கொண்டு வந்து வாசலில நிண்டபோது, "ஓம், வையுங்கோ" எண்டு வாய்தான் சொல்லிச்சு. மனம் ஐயோ எண்டுது.

வீற்றோ குளிருக்கு ஊருக்குப் போறான், பங்குனிக் கடைசியில வருவான். சித்திரையில மகள் லீனாவுக்குக் கலியாணம். பொம்பிளையின்ர தலையில வைக்கிற கிரீடம் இந்த மரத்துக் கொப்பிலதான் கட்டவேணுமாம். லீனாவின்ர தாய் கண் மூட முதல் தன்ர கையால நட்ட மரமெல்லோ. "கவனம், பஸ்ரியன்" எண்டு படியிறங்கும்போதும் திரும்பிச் சொன்னான்.

பஸ்ரியன்ர மனுசி அருள்நாயகிக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேலாமல் போச்சு. ஒலிவ மரமெண்டால் சும்மாவோ! ஆண்டவர் முழந்தாளில நிண்டு செபிச்ச தோட்டத்து மரம். குசினிக்குப் பின்னால இருந்த கண்ணாடி அறையில வைச்சு, காலமை செபம் சொல்லி மாதா கோயில் தீர்த்தத்தை இலையெல்லாம் தெளிச்சாள். பின்னேரமும் தெளிச்சாள். மரத்துக்குக் கணகணப்பு வேணுமெண்டு குசினிக் கதவைத் திறந்துவிட்டுப் புட்டும் அவிச்சாள். ஆவி முழுக்க மரத்துக்குத்தான்.

மாசி பிறக்க, இலையில வட்டம் வட்டமாக் கறுத்தப் பொட்டு. சுத்தி மஞ்சள் வளையம். பிறகு இலை பொலபொலவெண்டு கொட்டத் தொடங்கிச்சு. அருள்நாயகி அழுதுகொண்டு இன்னும் கூடத் தெளிச்சாள். அவள் தெளிக்கத் தெளிக்கப் பொட்டும் கூடிச்சு. பஸ்ரியன் கொட்டின இலையைக் கையில எடுத்துப் பாத்தான். தாயில்லாத பிள்ளையின்ர கிரீடத்தைக் கெடுத்துப்போட்டு வீற்றோவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?

ஒரு இலையைப் பாண் பையில போட்டுக்கொண்டு பூக்கண்டு விக்கிற கடைக்கு ஓடினான். அங்க நிண்ட வெள்ளைக்காரப் பெட்டை இலையை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தாள். "இது மயில்கண் எண்டு சொல்லுற பூஞ்சண வருத்தம். இலையை நனைக்கிறனீங்களோ?"

"சீச்சீ, இல்லை. தீர்த்தம் மட்டும்தான்."

"அதுவும் தண்ணிதானே?"

அவள் சிரிக்காமல் விளங்கப்படுத்தினாள். பூஞ்சணம் முதலே மரத்தில கொஞ்சம் ஒளிச்சிருந்திருக்கும். இலை காய்ஞ்சிருந்தால் அது சும்மா கிடக்கும். கடுங்குளிருமில்லாமல் வெக்கையுமில்லாமல், காத்தோட்டமும் இல்லாத அறையில இலை ஈரமாவே இருந்தால் அதுக்குக் கொண்டாட்டம். தெறிக்கிற தண்ணியோட இலைக்கு இலை பரவும். "கொட்டின இலையைப் பொறுக்கி எறியுங்கோ. தண்ணியை வேருக்கு விடுங்கோ. காத்துப் படட்டும்."

வீட்டை வந்து மரத்தை வடிவாச் சுத்திப் பாத்தான். என்ன அதிசயம்! யன்னல் பக்கத்துக் கொப்புகளில ஒரு பொட்டுமில்லை. அந்த யன்னல் நீக்கலை அடையுங்கோ அடையுங்கோ எண்டு நாயகி வருஷக்கணக்காக் கத்தியும் பஸ்ரியன் சோம்பலில விட்டுவைச்சிருந்தான். அதுக்குள்ளால வந்த காத்துத்தான் அந்தப் பக்கத்தைக் காயவைச்சிருக்கு.

"பாத்தியே, என்ர பஞ்சிதான் அரை மரத்தைக் காப்பாத்தினது!"

"அப்ப என்ர செபம்?" எண்ட அருள்நாயகியின்ர கண் நிறைஞ்சுது. பஸ்ரியனுக்கு மனம் கேக்கேல்லை. "செபத்தை ஆர் நிப்பாட்டச் சொன்னது? தீர்த்தத்தை வேரில ஊத்து. மாதாவுக்கு வேரென்ன, இலையென்ன."

நிலக்கீழ் வீட்டில வாடகைக்கு இருந்த பாலேஸ்வரி அக்கா முருகனைத் தவிர ஆரையும் கும்பிடாதவ. கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "நீ மாதாவைக் கூப்பிட்டாய், வந்தது எங்கட முருகன்ர மயில். அவருக்கும் ஒரு கும்பிடு போடடி." சிரிச்சாலும் தன்ர மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து தந்ததும் அவதான். வெளியில சினோப் பனி கொட்டுது, உள்ளுக்க மரத்துக்கு விசிறி. குசினிக் கதவு சாத்தினபடி.

பங்குனிக் கடைசியில வீற்றோ வந்தான். மொட்டைப் பக்கத்தைச் சுவரோட திருப்பி வைச்சிட்டு, புருசனும் பெண்சாதியும் முன்னால காவல் நிண்டினம். வீற்றோ என்ன சின்னப்பிள்ளையே? தொட்டியைப் பிடிச்சு ஒரு சுழட்டுச் சுழட்டினான்.

"நான்தான்," எண்டாள் அருள்நாயகி. "சுகமா இருக்கட்டும் எண்டு காலமையும் பின்னேரமும் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிச்சன்."

வீற்றோ மரத்தைப் பாத்தான், அவளைப் பாத்தான். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிச்சான். யன்னல் பக்கத்துக் கொப்புகளைத் தடவிப் பாத்திட்டு, "ஒரு கிரீடத்துக்குத் தாராளமாக் காணும்" எண்டான். பஸ்ரியனுக்கு அப்பதான் மூச்சு வந்துது.

கலியாணத்தண்டு கோயில் வாசலில லீனா வெறுந்தலையோட நிண்டாள். கிரீடத்தைத் தாய்தான் வைக்கிறது வழக்கம். வீற்றோ சனத்துக்குள்ள அருள்நாயகியைத் தேடிப் பிடிச்சு, கிரீடத்தை அவளின்ர கையில குடுத்தான். "மரத்துக்கே ரெண்டு நேரமும் செபம் சொன்னனீங்கள். என்ர பிள்ளைக்கும் நீங்களே வையுங்கோ."

அருள்நாயகி வாங்கினாளோ இல்லையோ, விம்மி விம்மி அழத் தொடங்கினாள். கண்ணீர் நாடியால வழிஞ்சு இலையில சொட்டப்போகுது. பஸ்ரியன் பாய்ஞ்சு விழுந்து லேஞ்சியை நீட்டினான்.

"எடி நாயகி, இலையை நனைச்சுப்போடாத!"