இனோலியின் கனம்

"மாட்டேன்" என்று சபையில் சொன்ன அன்றிலிருந்து இனோலியின் கனம் கூடிக்கொண்டே போனது. ஜார்ஜியாக்காரர்கள் தங்கள் எல்லைக்குள் பூர்வகுடிகளான செரோக்கியர் சபை கூட்டக் கூடாதென்று தடை போட்ட பிறகு, எல்லைக்கு இந்தப் பக்கம் ரெட் கிளேயில், நீல ஊற்றின் கரையில், நாலு பக்கமும் திறந்த கொட்டகை ஒன்றில் அது கூடிவந்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெருநதிக்கு மேற்கே போகச் சம்மதமா என்று அந்த இலையுதிர் காலத்தில் வாஷிங்டனின் தூதர் கேட்டபோது, வந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களும் மறுத்தார்கள். இனோலி சபையில் பேசுகிறவனல்ல, இறைச்சி சுடும் குழிக்கு விறகு போடுகிறவன். அன்று மட்டும் விறகைக் கீழே போட்டுவிட்டு, இங்கிருந்து நகர மாட்டேன் என்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே அவனுடைய குதிரை அவனைச் சுமக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. பிறகு கட்டில் ஒடிந்தது. வீடு அவன் மனைவி வாலினியுடையது, அங்கே வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். ஆகவே கட்டிலுக்காகத் திட்டும் உரிமையும் அவளுக்கே இருந்தது. "சாப்பிடுறது அதே ரெண்டு அகப்பை சோளக்கூழு. சபையில ஒரு வார்த்தை பேசுனதுக்கா இவ்வளவு கனம்?" என்றாள். "மச்சான் பெரிய மனுசனாயிட்டாரு அக்கா, நாமதான் பாத்து நடந்துக்கணும்," என்றான் அவள் தம்பி சுயேதா. இனோலியும் சிரித்தான். குளிர்காலத்தில் அவன் நடந்த தடங்கள் முழங்கால் ஆழம் இறங்கி நீர் தேங்கின. அண்டை வீட்டார் தங்கள் பன்றிகளை அங்கே தண்ணீர் குடிக்க விட்டார்கள். அதே குளிர்காலத்தில், சபை அனுப்பாத சிலர் வேறோர் ஊரில் உட்கார்ந்து நிலம் முழுவதையும் எழுதிக் கொடுத்தார்கள். வாஷிங்டனுக்கு அந்தச் சிலரின் சம்மதமே போதுமானதாக இருந்தது. மூன்றாம் கோடைக்குள் இனோலி வாசற்படியைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டான்.

எல்லாரையும் மேற்கே ஓட்டிப்போகச் சிப்பாய்கள் வந்தபோது அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. சுயேதாவைக் கையைக் கட்டி வெளியே இழுத்தார்கள். இனோலியை நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு கோவேறு கழுதைகளைப் பூட்டி இழுத்தார்கள், சங்கிலிதான் அறுந்தது. தன்னை விட்டுவிட்டு மனைவியைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பயந்துபோய் அவனே சிப்பாய்களுக்கு உதவத் தொடங்கினான். கதவு நிலையைப் பிடித்துத் தன் காலைத் தானே பிடுங்கப் பார்த்தான்.

"போறேன்னு சொல்லிட்டேன். நானும் வாறேன். சுயேதா, இவங்ககிட்டச் சொல்லுடா."

"சபையில சொன்னதைச் சபையிலதான் மச்சான் திரும்ப எடுக்கணும்," என்றான் சுயேதா. "சபை இப்ப எங்க இருக்கு?"

சபைத்திடலில் அப்போது பட்டாளத்துக் குதிரைகள் கட்டியிருந்தன.

வாலினி அழவில்லை. கூழ்ச்சட்டியை இறக்கி அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். "எல்லாருந்தான் மாட்டோம்னு சொன்னோம். நான் உங்களுக்கு முந்தியே சொன்னேன். இந்த மண்ணு உங்களுக்கு மட்டும் காது கொடுத்திருக்கு," என்றாள். அவள் குரலில் இருந்தது துக்கமல்ல, கோபம். போனவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மலையில் ஒளிந்து தப்பிய ஒருவன் இரண்டு வருடம் கழித்துச் செய்தி கொண்டுவந்தான். சுயேதாவை வழியில், உறைந்த ஆற்றங்கரையில் புதைத்துவிட்டார்கள். வாலினி மேற்கே போய்ச் சேர்ந்தாள், சேர்ந்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். இனோலி கேட்டுக்கொண்டான். அன்று கணுக்கால்வரை மண்ணுக்குள் இறங்கினான்.

வீட்டை எடுத்துக்கொண்ட வெள்ளைக் குடும்பம் முதலில் அவனைச் சுற்றி நெருப்பு வைத்துப் பார்த்தது. பிறகு பின்பக்கம் ஒரு கதவு வெட்டிக்கொண்டது. அந்த வீட்டுக்காரிக்கு அவனால் தொந்தரவில்லை. மிஞ்சிய சோள ரொட்டியைக் கொடுப்பாள், மழை நாட்களில் துணி உலர்த்தும் கயிற்றின் ஒரு முனையை அவன் கழுத்தில் கட்டுவாள். பின்னால் அந்த இடம் மூன்று தடவை கைமாறியது. வாங்க வந்தவர்கள் ஊற்று கோடையில் வற்றுமா என்று கேட்டார்கள், மக்காச்சோளம் எப்படி விளையும் என்று கேட்டார்கள். வாசலில் நின்றவனைப் பற்றி ஒருவர்தான் கேட்டார். அவன் முன்பிருந்தே இருக்கிறான் என்றார்கள். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றி அவன் கையில் மாட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போனார்.