நாற்பத்தொரு அடுக்கு

"தண்ணி பட்டிருக்கு. வாரன்டி வராது," என்றாள் போன் சர்வீஸ் சென்டரின் கவுன்ட்டர் பெண், தலையை நிமிர்த்தாமலே.

இஸ்திரிக்காரருக்குச் சுருக்கென்றது. "நீ பார்த்தியா?"

"நீ, வா, போன்னு பேசாதீங்க. ஈரம் பட்டா சிவக்கிற புள்ளி உள்ளே சிவந்திருக்கு."

"வாங்கி நாலு மாசம். நேத்து பேசிக்கிட்டிருக்கும்போதே அணைஞ்சுது. விக்கும்போது மட்டும் சார், சார்னு பல்லைக் காட்டினீங்க."

முன்பெல்லாம் துணியின் உள்மடிப்பில் மையால் குறி வைப்பார். இந்தப் போன் வாங்கியதும் குறி வைப்பதை விட்டுவிட்டார். தேய்க்கத் துணி வாங்கும்போதே அந்த வீட்டு வாசற்கதவோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வார். இப்போது வீட்டில் தேய்த்து அடுக்கியவை நாற்பத்தொரு அடுக்கு. எது யாருடையது என்பது அந்தப் போனுக்குத்தான் தெரியும். காலையில் ஒருவருடைய வெள்ளைச் சட்டைகளை இன்னொருவர் வீட்டில் கொடுத்து, "கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இங்கே வந்திருந்தார்.

"யோவ், நகருய்யா. நாங்களும் வேலையை விட்டுட்டுத்தான் வந்திருக்கோம்," என்றார் பின்னால் நின்றவர்.

"அவசரமா இருந்தா என் தலை மேல ஏறிப் போ."

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். போனை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது ஆவி பட்டுச் சிவந்தது. கெட்டுப்போனது உள்ளே இருக்கிற போர்டுதான். வாரன்டியில போடு," என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் இஸ்திரிக்காரர்.

முகம் இறுகிப்போன அவள் ஒரு தாளைத் தள்ளினாள். "கையெழுத்துப் போடுங்க. போர்டை மாத்தினா உள்ளே இருக்கிற படம், நம்பர் எல்லாம் போயிரும்."

அவர் கை பேனாவோடு நின்றது. "படத்தை எடுத்துக் குடுத்துட்டு மாத்துங்க."

"அது எங்க வேலை இல்லை."

"வேற யார் வேலை?"

"போடுறீங்களா, இல்லையா?"

பேனாவை வைத்துவிட்டு, போனை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"வெளியில திறந்தா இனிமே தொடமாட்டோம். அப்புறம் இங்கே வந்து கத்தக் கூடாது."

"உன் முகத்தைப் பார்க்க யார் வரப்போறா?"

எதிர்சாரியில் கதவளவே அகலமான பழுதுக்கடை. கடைக்காரர் போனைப் புரட்டிப் பார்த்து, பிளேடைக் கையில் எடுத்தார். "படம் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். கம்பெனி ஒட்டின சீலை வெட்டினா வாரன்டி போச்சு. யோசிச்சுச் சொல்லுங்க."

எதிரே சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கவுன்ட்டர் பெண் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டுங்க," என்றார் இஸ்திரிக்காரர்.