நூஹு நானாவின் தண்டத் துண்டு

லொறியின் முன்பெட்டியை ஃபாஹிம் மூன்றாவது தடவையாகக் கவிழ்த்தான். டோர்ச், பாதி பனடோல் அட்டை, கயிற்றுத் துண்டு, வெங்காயச் சருகு. மறுபடியும் அதே சாமான்கள்தான் விழுந்தன. சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய அவனுடைய வாப்பா நூஹு, கை கால் கழுவி வுழூ எடுத்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். ஐந்து நிமிடத்தில் மௌத்தாகிவிட்டார். இப்போது மணி பத்தரை. அவர் வீட்டுக்குள் வெள்ளைத் துணியின் கீழ் கிடக்க, மகன் வெயிலில் நின்று ஒரு கடதாசித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கிடைச்சதா மகன்?" என்று முற்றத்தில் கதிரை போட்டிருந்த அலியார் கேட்டார். திடீர் மரணங்களை விசாரித்து அடக்கத்துக்கு அனுமதி எழுதுகிறவர் அவர்.

"இல்ல ஹாஜியார். அடையாள அட்டை நம்பர் இல்லாம எழுத ஏலாதா?"

"ஏலாது. இந்த எத்தாளை ஊர்ல மட்டும் மூணு நூஹு இரிக்கி. போன வருசம் இப்படித்தான் வாய்ப்பேச்ச நம்பி ஒரு நம்பர எழுதிட்டாங்க. உசிரோட இரிக்கிற நூஹு, தான் மௌத்தாகல்லண்டு இண்டைக்கும் அரசாங்கக் கச்சேரிக்கு நடக்கிறான்."

வேறொரு நாளென்றால் ஃபாஹிம் வயிறு குலுங்கச் சிரித்திருப்பான். மதிய ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளி ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது. அங்கே கபுறு தோண்டுகிறார்கள். மையத்தை நேரம் கடத்திச் சுணக்கக் கூடாது என்று வருகிறவர்கள் எல்லாரும் அவனுக்கே பாடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாப்பாவின் அடையாள அட்டை ஐந்து வருடத்துக்கு முன்பு களப்பில் விழுந்துபோனது. புதிதாக ஒன்று எடுங்கள் என்றால், "லைசன் இரிக்கிதானே" என்பார். இப்போது லைசனும் இல்லை. பொலிஸ் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தண்டத் துண்டைக் கொடுத்திருந்தது. தண்டத்தைக் கட்டி முடிக்கும்வரை அந்தத் துண்டுதான் லைசன். பெயர், நம்பர் எல்லாம் அதில் இருக்கும். காலையில் உம்மா பரீனா அழுகைக்கு நடுவே சொல்லித்தான் இது அவனுக்கே தெரியவந்தது.

"என்னத்துக்குப் பிடிச்சதாம்?" என்று அப்போதே கேட்டான்.

"என்னட்டயும் சொல்லல்ல. ஃபாஹிமுக்குச் சொல்லாத, ஏசுவான் எண்டு மட்டும்தான் சொன்னாரு."

அந்தப் பதில் அவனுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரியாமல் ஓடியிருப்பார். இல்லாவிட்டால் நடு ரோட்டில் ஊர்ந்து பஸ்ஸை மறித்திருப்பார். நூஹு நானாவின் லொறியில் ஏற்றிய வெங்காயம் சந்தைக்குப் போகுமுன் முளைத்துவிடும் என்பது குறிஞ்சிப்பிட்டித் தோட்டக்காரர்களின் பழைய பகிடி. வேக முள் நாற்பதைத் தாண்டினால் அவருக்கு வியர்த்துவிடும். யாராவது முந்திக்கொண்டு போனால், "போறவன் போகட்டும், ரோட்டச் சுருட்டிட்டா போகப் போறான்" என்பார். செத்த மனிதர்மேல் கோபப்படுவது பாவம் என்று ஃபாஹிமுக்குத் தெரியும். ஆனாலும் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

உள்ளே போய் அலுமாரியை மறுபடி திறந்தான். சாறன்களை உதறினான். சட்டைப் பைகளுக்குள் கைவிட்டான். வாப்பாவின் வியர்வை மணம் மட்டும் கையோடு வந்தது.

"உம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க. கடுதாசி எல்லாம் எங்க வெப்பாரு?"

"அவர்ர யாசீன் கிதாபுக்குள்ளதான். கரண்ட் பில்லும் அதுக்குள்ளதான் இரிக்கும்."

"கிதாபு எங்க?"

உம்மா அழுகையை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தாள். பதினொரு நாள் குழந்தையை மடியில் வைத்திருந்த நுஸ்ராவின் முகம் செத்துப்போனது.

"ஓத வந்தவங்களுக்குக் காணாதெண்டு நான்தான் எடுத்துக் குடுத்தேன். அதுவும் பச்ச மட்டதானே... பள்ளிக் கிதாபோட சேத்துக் கட்டிக் கொண்டுபோயிட்டாங்க."

மௌத் வீட்டில் யாசீன் ஓதுவதற்குப் பள்ளியிலிருந்து கட்டாகக் கிதாபு வரும். ஓதி முடிந்ததும் கட்டாகவே திரும்பிப் போகும். யாரோ ஒரு செல்வந்தர் தன் தாயின் பெயரில் அச்சடித்து ஊருக்கெல்லாம் பங்கிட்டவை அவை. வாப்பாவிடம் இருந்ததும் அதில் ஒன்று. யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று அவர் நம்பிய புத்தகம், ஒரு மௌத் விழுந்தால் முதலில் வெளியே போகிற புத்தகமாக இருந்தது. தன்னுடைய மௌத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

பள்ளியில், தொழுகைக்கு வாங்கு சொல்லி அழைக்கிற முஅத்தின் நிஸார் கிதாபுகளை அப்போதுதான் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது, எழுபது இருக்கும். எல்லாமே பச்சை. ஃபாஹிம் படியில் குந்தி ஒவ்வொன்றாக விரித்தான். ஒன்றிலிருந்து பஸ் டிக்கட் விழுந்தது. இன்னொன்றில் யாருடைய பிள்ளையோ கீறிய தோணி. இன்னொன்றில் மருந்துச் சீட்டு.

"கிதாப அப்படி உதறாதடா, கிழியப் போகுது" என்றார் நிஸார்.

"நீங்களும் வந்து தேடுங்களேன் நானா! வாங்கு சொல்ல இன்னம் ஒரு மணித்தியாலம்தான் இரிக்கி. அங்க மையத்து காத்துக் கிடக்குது, இந்த மனுசன் துண்ட ஒளிச்சு விளையாடியிரிக்காரு!"

நிஸார் பக்கத்தில் வந்து குந்தினார். துண்டு அவர் கையில்தான் அகப்பட்டது, கரண்ட் பில்லோடு நாலாக மடித்தபடி. கண்களுக்குக் கிட்டே பிடித்து வாசித்துவிட்டு, மௌத் நாள் என்பதையும் மறந்து கடகடவென்று சிரித்தார்.

"வேகமா ஓடினதுக்காம்! நூஹு நானாவா? எழுவத்தி ரெண்டாம். அந்தப் பொலிஸுக்குக் கண்ணில பூ விழுந்திரிக்கி."

ஃபாஹிம் பிடுங்கிப் பார்த்தான். பெயர் சரி. நம்பர் சரி. ஐம்பதில் போகவேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு. திகதி, பதினொரு நாளுக்கு முந்தியது. நேரம், பின்னேரம் இரண்டரை.

அன்று இரண்டு மணிக்குத்தான் புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வாப்பாவுக்குக் கோல் எடுத்தான். நுஸ்ராவுக்கு இரத்தம் நிற்கவில்லை. கிளினிக் அட்டையை அவன்தான் பதற்றத்தில் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். கொண்டு வாங்க, உடனே வாங்க என்று கத்தினான். மூன்றரைக்கு வாப்பா அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. ஆபத்து விலகிய பிறகும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அவ மௌத்தாகினாப் புறகு வாறதுக்கா இருந்தீங்க? ஒரு நாளைக்காவது கொஞ்சம் மிதிச்சு வர ஏலாதா உங்களுக்கு?" என்று நேர்ஸ்மாருக்கு முன்னால் கேட்டான். "வந்திட்டன்தானே மகன்" என்றார் அவர். அதன்பிறகு அவன் அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

துண்டில் எழுதியிருந்த இடம்வரை, அரை மணித்தியாலத்தில் முப்பது கிலோமீற்றர் வந்திருக்கிறார். அறுபதிலேயே கதவு கழன்று விழப் பார்க்கிற லொறி அது. பிடித்த பொலிஸ்காரனிடம் எப்படியெல்லாம் கெஞ்சினாரோ, எத்தனை வண்டிக்குப் பின்னால் நிற்க வைத்தார்களோ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுசன்! அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவன் வாயைப் பொத்தியிருப்பானே. சொல்ல அவன் எங்கே இடம் வைத்தான் என்பதும் உடனே உறைத்தது. படியில் இருந்தபடியே ஃபாஹிம் வாய்விட்டு அழுதான். காலையிலிருந்து அப்போதுதான் அழுகை வந்தது. நிஸார் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, கிதாபுகளை ஒவ்வொன்றாக மூடினார்.

அலியார் நம்பரை எழுதிக் கையெழுத்து வைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"தண்டம் இனிக் கட்டத் தேவல்ல மகன். ஆள் போனா வழக்கும் போச்சு. துண்டக் கிழிச்சுப் போடு."

"இல்ல ஹாஜியார். நாளைக்குப் போய்க் கட்டிட்டு லைசன வாங்கிட்டு வாறன்."

"அத வெச்சு என்ன செய்யப் போறாய்?"

அவன் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். உள்ளே குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள், எழும்பிப் போனான்.

ளுஹர் முடிந்து தொழுவித்து, மையத்தைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கத்து வலது தோள் ஃபாஹிமுடையது. அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போகிற ஜனாஸா ஊர்வலம் ஓட்டமும் நடையுமாகத்தான் போகும்; அதுதான் முறை. மணல் ஒழுங்கையைத் தாண்டித் தார்ரோட்டில் ஏறியதும் பின்னாலிருந்தவர்கள் உந்தினார்கள். "நடங்க, நடங்க, ஏற்கெனவே சுணங்கிட்டு" என்று யாரோ சொன்னார்கள்.

ஃபாஹிம் அடியைச் சுருக்கினான். பக்கத்தில் தூக்கியவன் திரும்பிப் பார்த்தான்.

"கொஞ்சம் மெதுவாப் போவம்" என்றான் ஃபாஹிம்.

பின்னால் இடித்துக்கொண்டு வந்த கால்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து அவன் நடைக்கு வந்தன. புத்தளம் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடிக்காமல், முந்தவும் பார்க்காமல், மையவாடித் திருப்பம்வரை அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது.