வாசலில் நூற்று நாற்பது பேர்

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில், ஆட்கள் எங்கே அதிகம் கூடுகிறார்களோ அங்கேதான் இனிப் பொதுவெளி என்று துணைவேந்தர் சூர்யநாராயணன் அறிவித்தார். அறிவித்த கையோடு அதற்கொரு பொன்னாடையும் போர்த்திக்கொண்டார். எண்ணுகிற வேலை புள்ளியியல் துறையின் ஒப்பந்த ஆசிரியை தபீதாள் தலையில் விழுந்தது. எங்கே எத்தனை போன் இருக்கிறது என்று வைஃபை கருவி சொல்லிவிடும். ஒரு போன், ஒரு ஆள். அவளும் வரைபடம் போட்டுக் கொடுத்தாள். மெயின் கேட் பக்கம் ரத்தச் சிவப்பு: காலை ஏழு முதல் மாலை நாலு வரை நூற்று நாற்பது பேர், அசையாமல். ஹாஸ்டலுக்குப் பின்னால் புங்கமரத்தடி வெறும் வெள்ளை. கேட்டருகே 'அறிவுச் சதுக்கம்', மரத்தை எடுத்துவிட்டு அங்கே ஜெனரேட்டர் என்று முடிவானது.

இரண்டு வாரம் கழித்து மதியத்தில் தபீதாள் அந்தப் பக்கம் போனாள். மரத்தடி முழுக்கத் துப்புரவுப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வா டீச்சர், கருவாட்டுக் கொழம்பு கீது," என்றாள் அனகாபுத்தூர் செல்லியம்மாள். "மரத்த வெட்டப் போறாங்களாமே? இங்க ஒரு ஆளும் இல்லன்னு எவனோ எழுதிக் குட்த்தானாம். நூத்தி நாப்பது பேரு துன்னுகினு கீறோம், அவனுக்குக் கண்ணு அவிஞ்சா பூச்சு?"

தபீதாள் சுற்றிலும் பார்த்தாள்; ஒருத்தி கையிலும் போன் இல்லை. "உங்க போன்லாம் எங்கக்கா?"

"கேட்டுல. ட்ரேல போட்டாதான் வாட்ச்மேன் உள்ள வுடுவான். சாய்ந்தரம்தான் குடுப்பான். இது தெரியாதா உனக்கு?"

அவள் நேரே துணைவேந்தர் அறைக்குப் போனாள்.

"சார், கேட்ல இருக்கறது ஆள் இல்ல சார், ட்ரேல வாங்கி வச்ச போன். ஆளுங்க மரத்தடியிலதான் சாப்பிடறாங்க. நானே எண்ணிட்டு வந்தேன்."

"விரல் விட்டா?" துணைவேந்தர் முகம் சுளித்தார். "மேடம், இந்த மேப்ப டெல்லி மாநாட்டுல காட்டியாச்சு. எழுந்து நின்னு கை தட்டினாங்க. ஒரு ட்ரேக்குத்தான் தட்டினீங்கன்னு இப்ப லெட்டர் போடவா?" மேசை மேலிருந்த கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். "உங்க ரினியூவல்கூட இன்னிக்குத்தான் கையெழுத்துக்கு வந்திருக்கு."

கோப்பின் மேல் அவள் பெயர் இருந்தது. சொல்ல வந்ததெல்லாம் சுருங்கி, "சரி சார்" என்று வெளியே வந்தது.

மரம் போயிற்று. சித்திரை வெயிலில் கேட்டருகே அறிவுச் சதுக்கத்தின் கிரானைட் பெஞ்சுகள் கொதித்தன. வேறு போக்கிடமில்லாமல் செல்லியம்மாள் டிபன் பாக்ஸோடு அதில் ஒன்றில் உட்கார, வாட்ச்மேன் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ஏம்மா, எழுந்திரு! இது பொது எடம். கண்டவங்களும் உக்காரக் கூடாது."

செல்லியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த தபீதாள் கண்ணில் பட்டாள். "டீச்சர், நீயாச்சும் சொல்லேன்."

தபீதாள் கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தபடி நடந்தாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.