செம்முட்டைப் போர்

பாலைக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சார்ஜா நகரத்தின்மேல், உலையிலிருந்து வடித்த செம்பினைப் போலச் சித்திரை மாதத்து மாலை வெயில் வழிந்துகொண்டிருந்தது. கழிமுகத்தில் பொதி இறக்கிய மரக்கலங்கள் அயர்ந்து நின்றன. அவற்றுக்கு அப்பால், கண்ணாடி மாடங்களிடையே ஒதுங்கியிருந்த ஒரு மண்டபத்தில், அலெப்போவிலிருந்தும் பெய்ரூட்டிலிருந்தும் வந்து குடியேறிய ஆர்மீனியரும், கப்பல் வணிகத்தால் வந்த கிரேக்கரும் கூடியிருந்தனர். பெரும்பாலும் வெவ்வேறு நாள்களில் வரும் அவர்தம் உயிர்த்தெழுதல் பெருநாள்கள் அவ்வாண்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பொருந்தியமையால் விருந்தும் ஒன்றாயிற்று. ஆட்டிறைச்சி மணக்க, ஆர்மீனியரின் குழல் ஊரிழந்தோர் நெஞ்சுபோல் விம்மிக்கொண்டிருந்தது.

இரு குலத்தார்க்கும் பொதுவான வழக்கம் ஒன்றுண்டு. வெங்காயத் தோலோடு அவித்துச் செந்நிறம் ஏற்றிய முட்டைகளை இருவர் கையிலேந்தி முட்டவைப்பர். எவர் முட்டை உடையாது நிற்கிறதோ அவர்க்கே அவ்வாண்டின் நற்பேறு. அம்முட்டைகளை அன்று அவித்தவர்கள், சிவகங்கைச் சீமையிலிருந்து வந்து, பதினோராண்டாய் ஓரறையில் துயின்று ஒரு சட்டியில் உண்ட மண்டபத்துச் சமையலாட்கள் கார்மேகமும் உடையப்பனும்.

இருவரும் விடுப்பு வேண்டி நின்றனர். கார்மேகத்தின் மகள் நாகவள்ளிக்குச் சித்திரை இறுதியில் திருமணம். உடையப்பனின் மனைவி உமாராணிக்கு மார்பில் கட்டி. கணவன் அருகில் நின்றாலன்றிக் கத்தி வைக்க விடேன் என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். ஒருவர் சென்றால் மற்றவர் ஆவணி வரை அடுக்களையைவிட்டு நகர இயலாது. மண்டபத்தை ஆண்ட சிரானுஷ் அம்மையார் தீயவர் அல்லர், முடிவெடுக்க அஞ்சுபவர். அவ்வச்சத்தைக் கண்ட ஸ்தவ்ரோஸ் என்னும் கிரேக்கக் கப்பல் வணிகர், விருந்தின் களிப்பில், "முட்டையே சொல்லட்டும் மேடம். ஜெயிச்சவன் பிளேன் ஏறட்டும். கலாஸ், அவ்வளவுதான்" என்றார். அவையோர் கைதட்டினர்.

அடுக்களையில் உடையப்பன் ஒவ்வொரு முட்டையாகப் பல்லில் தட்டி ஒலி கேட்டான்.

"இருக்கறதுலயே கெட்டியானத நான் எடுத்துக்கிறேன் மச்சான். கோவிச்சுக்காத."

"எடுத்துக்கப்பா. ரெண்டும் ஒரே பானையில வெந்ததுதானே" என்ற கார்மேகத்தின் கை, குழந்தைகள் சாயம் தீட்டி விளையாடிய மரமுட்டைகளுள் சிவந்ததொன்றை அதற்குள் பற்றியிருந்தது.

வட்டமிட்டு நின்ற கூட்டத்தின் நடுவே முட்டையோடு முட்டை மோதியது. உடையப்பனின் விரல்களுக்கிடையே ஓடு நொறுங்கி உதிர்ந்தது. ஸ்தவ்ரோஸ் புருவம் நெரித்து, வென்ற முட்டையைப் பறித்து மேசையில் தட்டினார். மரம் ஒலித்தது. கார்மேகம் தன் அழிவை எதிர்நோக்கித் தலைகவிழ்ந்தான்.

ஆனால் மண்டபமே சிரிப்பால் அதிர்ந்தது. தத்தம் பாட்டனார் இதே மரமுட்டையால் இதே வஞ்சனை புரிந்த கதையை ஆளுக்கொருவராய்க் கூறினர். முதியோர் கண் துடைத்தனர். ஒருவர் கார்மேகத்தைத் தழுவி உச்சி முகர்ந்தார்.

"நீ எங்க ஆளு, கார்மேகம். டிக்கெட் நானே போடுறேன்" என்றார் சிரானுஷ் அம்மையார்.

"மேடம், அது மரம்" என்றான் உடையப்பன்.

"தெரியும் பாய். இந்த விளையாட்டே அப்படித்தான். மூஞ்சிய தூக்காதே, யல்லா, சீக்கிரம் காபி கொண்டு வா."

அவன் கொண்டுவந்தான். நாற்பது கோப்பைகளில் ஒன்றும் சிந்தவில்லை.

பின்னர் அடுக்களை வாயிலில் நின்று, கைபேசியில் ஊரிலிருந்த உமாராணியிடம் பேசினான்.

"என்னங்க, டிக்கெட்டு போட்டாச்சா?"

"ஆவணிக்கு வந்துருவேன். நீ அதுக்குள்ள போயி வெட்டிக்கிட்டு வந்துரு."

"அதெல்லாம் நீங்க வந்த பெறகுதான். இத்தன நாளு இருந்துச்சுல்ல, இன்னும் நாலு மாசம் இருக்காதா? நீங்க சாப்பிட்டீங்களா?"

உள்ளே குழல் மீண்டும் எழுந்தது. ஊரை இழந்தவர் பிறர் இழப்பையும் உணர்வர் என்று நாம் நம்புகிறோம். அவர்கள் உணர்வது தம் ஊரை மட்டுமே. அதனை ஒரு கணம் மீட்டுத் தருபவன் எவ்வகையால் மீட்டான் என்றும், எவர் உயிரை ஈடுவைத்து மீட்டான் என்றும் அவர்கள் கேட்பதில்லை.