முகப்புப் பக்கத்தில் சிரித்தவர்கள்

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் கோட்டுப் போட்ட ஐந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடம், மெல்ல நகரும் மேகங்கள்.

"இவங்கல்லாம் யாருடா?" என்றாள் அக்கா.

"மாடல்ஸ்க்கா."

"கோர்ட்டுக்கும் இவங்களே போயிடுவாங்களா?"

தம்பி சிரிக்கவில்லை. இருவரும் சேர்ந்து நடத்தும் வக்கீல் அலுவலகம் அது. வாடகைக்குக் குடியிருப்பவர்களின் வழக்குகள் அவளுக்கு, கம்பெனி வழக்குகள் அவனுக்கு. கட்டடங்களை வாடகைக்கு விடும் பெரிய நிறுவனம் ஒன்றின் இயக்குநர் அன்று மதியம் வருவதாக இருந்தது. அவர் கண்ணை நிறைக்கத்தான் இந்தப் புது இணையதளம்.

வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுவிட்டால் என்ன செய்யலாம் என்று, தன் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொடுத்து அவள் எழுதியிருந்த பக்கத்தைத் தேடினாள். காணவில்லை.

"நான்தான் எடுத்துட்டேன் மேடம்," என்றாள் தளத்தை வடிவமைத்த பெண், பயப்படாமல். "அவ்வளவு நீளத்த யாரும் படிக்க மாட்டாங்க."

"படிக்கிறவங்க வெளியதான் உக்காந்திருக்காங்க."

துணிப்பையை மடியில் வைத்துக் காத்திருந்த பெண்ணை அக்காவே போய் அழைத்துவந்தாள். முந்தின நாள் வீட்டுக்குப் பூட்டு விழுந்து, யாரோ வழி சொல்லி வந்தவள்.

"உங்க ஃபோன்ல பாருங்கம்மா. எங்க நம்பர் எங்க இருக்கு?"

அதில் திறந்து கொடுத்த புதுத் தளத்தில் படமே வராமல் வட்டம் மட்டும் சுற்றியது. அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் மாற்றப்படாதிருந்த பழைய தளத்தில் தன் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். அந்தப் பெண் விரலால் தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். பிரிவுகள், உட்பிரிவுகள், தீர்ப்புகள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கும்மா," என்றாள் கடைசியில். "எனக்கு வீட்டுக்குள்ள போகணும். அது எங்க போட்டிருக்கு?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. தம்பி அப்போது குத்தலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே அவன்மேல் கோபம் வந்தது.

அந்தப் பெண்ணின் மனுவை அப்போதே எழுதி அனுப்பிவிட்டு, வடிவமைப்பாளர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் எழுத்தைத் தானே வெட்டினாள்.

"இது வேண்டாம். இதுவும். தீர்ப்பெல்லாம் உள்ள போகட்டும்."

"சுத்தி நிறைய இடம் விடணும் மேடம். அப்பத்தான் கண்ணுல நிக்கும்."

"விடும்மா. அழகு வேண்டாம்னு யாரு சொன்னா?"

தம்பி எட்டிப் பார்த்துப் பதறினான். "அக்கா, இதப் பாத்தா அந்த ஆளு வாசலோட திரும்பிடுவார். நமக்கு இந்த கேஸ் வேணும்."

"வேணும்தான். நாம யாருன்னு தெரிஞ்சுக்கிட்டே தரட்டும். முகத்த மாத்திக்கிட்டு வாங்க மாட்டேன்."

இயக்குநர் உள்ளே வந்தபோது திரையில் கோட்டுக்காரர்கள் இல்லை. வெள்ளைப் பரப்பின் நடுவே ஒரே ஒரு கேள்வி: 'உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டார்களா?' அதன் கீழே, 'அது அவர்கள் இஷ்டமல்ல. கூப்பிடுங்கள்' என்ற வரியும் தொலைபேசி எண்ணும்.

தம்பி ரிமோட்டைத் தேடி மேசையைத் துழாவினான். அது அக்காவின் கையில் இருந்தது.

"வாங்க, உக்காருங்க," என்றாள்.

அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு இன்னும் கொஞ்சம் அருகே போனார்.