பிரேக்காரர் தள்ளியது

கையிலிருந்த ஜோடி ஒன்பதைப் பிரேக்காரர் இந்த ஆட்டம் வேண்டாமென்று கவிழ்த்து வைத்ததும், எதிரே உட்கார்ந்திருந்த மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். பேருந்துப் பணிமனையின் சாப்பாட்டு அறையில் மதிய இடைவேளை. பிரேக்காரர் பேருந்துகளுக்குப் பிரேக் பார்ப்பவர், மச்சினன் எலெக்ட்ரீஷியன். அங்கே போக்கர் ஆடுவது பணத்துக்கு அல்ல, கழித்துப்போட்ட வாஷர்களுக்கு. பதினோரு வருடமாக ஆடியும் பிரேக்காரர் முன்னாலிருக்கும் குவியல் வளர்ந்ததும் இல்லை, கரைந்ததும் இல்லை. நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பார். வந்துவிட்டால், இதைவிட நல்லதாக வரட்டுமே என்று மறுபடியும் காத்திருப்பார். மச்சினனோ எந்தக் குப்பைச் சீட்டு வந்தாலும் முழுக் குவியலையும் இரண்டு உள்ளங்கைகளாலும் மேசை நடுவே தள்ளிவிடுவான். அந்த மேசையில் அதற்கு ஒரே அர்த்தம்: இருக்கிறதெல்லாம் உள்ளே. தள்ளியதைத் திரும்ப இழுக்கக் கூடாது என்பது சட்டம்.

“மாமா, ஞாயித்துக்கிழமை மேட்சையும் இப்படியே கவுத்து வைக்கப் போறீங்களா?”

பணிமனைக் கால்பந்து அணிக்குப் பிரேக்காரர்தான் பயிற்சியாளர், மச்சினன் கோல்கீப்பர். ஞாயிறு ஆட்டம் கடைசி ஆட்டம். டிரா செய்தால் லீக்கில் தப்பிக்கலாம். தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தில் ஓட்டை வண்டிகளை நிறுத்தப்போவதாக மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அணி போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிரேக்காரருக்குத் தெரியாது.

“டிரா போதும்டா. ஒன்பது பேர் பின்னாடி நிக்கணும். நீ கோலை விட்டு நகரக் கூடாது.”

“இறுக்கிப் பிடிச்சு ஆடுறவன் சீக்கிரம் தோக்க மாட்டான், சரி. எப்ப ஜெயிப்பான்?”

“சீட்டும் பந்தும் ஒண்ணா?”

“ஒண்ணேதான். ஆனா ஒரு விஷயம் மாமா. நான் தள்ளினா ஒருத்தனும் நம்ப மாட்டான். நீங்க ஒரே ஒரு தடவ தள்ளிப் பாருங்க, மேசையே எந்திரிச்சு நிக்கும்.”

வீட்டுக்குப் போன பிறகும் அது அவரை விடவில்லை. மோசமான சீட்டைக் கவிழ்த்து வைக்கலாம். காலுக்கு வந்த பந்தை எங்கே கவிழ்ப்பது? பின்னால் நின்றாலும் உதைத்துத்தானே ஆக வேண்டும்? அப்படியானால் தற்காத்து ஆடுவதுதான் இறுக்கமா, இல்லை எதிராளி எப்போது வருவான் என்று காத்திருந்து எல்லாவற்றையும் அவனிடம் விட்டுவிடும் தளர்வா? யோசிக்க யோசிக்க எது எது என்றே குழம்பிப்போனது. சாப்பிட்ட தட்டிலேயே கை காய்ந்தது.

“தம்பி சொன்னதையா யோசிக்கிறீங்க?” என்றாள் மனைவி. “அவன் சொன்னத அவனே யோசிச்சிருக்க மாட்டான். எந்திரிச்சு கையக் கழுவுங்க.”

ஞாயிறு மாலை, ஆட்டம் முடிய இரண்டே நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோட்டோரம் நின்ற பிரேக்காரர் மூச்சுவிடவே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பார்க்க வந்த கூட்டம் போட்ட கூச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. போகலாமா வேண்டாமா என்று பின்னால் நின்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, காற்றை முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டினார். அங்கேயே நில்லுங்கள், ஒருவரும் நகராதீர்கள் என்றுதான் அவர் சொன்னார்.

அவர்கள் பார்த்தது வேறு. தினமும் மதியம் அதே மேசையில் உட்காருகிறவர்கள் அவர்கள். பதினோரு வருடமாகக் குவியலைத் தொடாத மனிதர் இரண்டு கையாலும் தள்ளுகிறார். ஒருவன் முகத்திலும் சந்தேகம் இல்லை. பஸ் பிடிக்கக்கூட ஓடாத பெயின்டர் ஓடினான். வெல்டர் ஓடினான். கடைசியில் கோலைக் காலியாக விட்டுவிட்டு மச்சினனும் ஓடிவந்தான்.

“என்ன சீட்டுன்னு கேக்க மாட்டேன் மாமா!” என்று அவரைத் தாண்டும்போது கத்தினான்.

திரும்பி வாங்கடா என்ற கத்தல் அவர் தொண்டைவரை வந்தது. இந்தக் கடைசி நிமிடத்தில் தோற்றால் எல்லாம் போய்விடும். ஆனால் இத்தனை வருடத்தில் அவர்கள் யாரும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு வெட்கம் கெட்ட சந்தோஷம் ஒன்று வந்தது, வந்ததும் பயந்தார். கை தப்பாகச் சொல்லிவிட்டதா, இல்லை இதைத்தான் சொல்ல வந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை.

கார்னரில் பந்தை வைத்தவன் ஒரு கையைத் தூக்கியபடி கடைசியாக அவரைப் பார்த்தான். மைதானத்தின் மறுகோடியில் ஆளில்லாத கோலில் வலை ஆடிக்கொண்டிருந்தது; கம்பத்தடியில் மச்சினனின் தண்ணீர் பாட்டில் மட்டும் நின்றது. பிரேக்காரரின் இரண்டு கைகளும் நீட்டியது நீட்டியபடியே இருந்தன.